பூட்டிய பட்டறையும் சர்க்காரின் பொருளுதவியும்

மழை பொய்த்து ஏரி வறண்டு பயிர் கருகிப்போன வருஷங்களில், குடியானவனுக்குச் சர்க்கார் செய்யக்கூடிய உபகாரம் இரண்டு வகைப்படும் என்பதை ரயத்துவாரி முறையின் கீழ் வாழ்ந்த நம் கிராமத்துப் பெரியவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். விளையாத நிலத்துக்குத் தீர்வையைத் தள்ளிக்கொடுப்பது ஒன்று. அதற்கு வஜா என்று பெயர். விதைக்கும் மாட்டுக்கும் கிணற்றுக்கும் கடன் கொடுப்பது மற்றொன்று. 1883, 1884 ஆகிய வருஷங்களில் இயற்றிய சட்டங்களின்படி நடந்துவந்த அந்தக் கடனுக்குத் தக்காவி என்று பெயர். கழிந்துபோன விளைச்சலின் நஷ்டத்தில் சர்க்காரும் ஒரு பங்கை ஏற்பது வஜா; வரப்போகும் விளைச்சலை நம்பிக் குடியானவன் கடன்படுவது தக்காவி. ஜமாபந்தியில் வஜா கேட்டு நின்றவனிடம் தக்காவிப் பத்திரத்தை நீட்டினால், அவன் அதை வாங்கிக்கொண்டு போவான் என்பது உண்மைதான். ஆனால் தான் கேட்டது கிடைத்துவிட்டதென்று அவன் ஒருநாளும் எண்ணமாட்டான்.

2020-ஆம் ஆண்டில் கொரோனா என்னும் கொள்ளைநோய் உலகைச் சூழ்ந்தபோது, வயலுக்கு நேர்வது போன்ற ஒரு வறட்சி கடைக்கும் பட்டறைக்கும் நேர்ந்தது. அந்த வறட்சியில் சிறுதொழில் செய்வோருக்கு நம் சர்க்கார் செய்த உதவி வஜாவா, தக்காவியா, இரண்டும் கலந்ததா, அந்த உதவி எவர் கைக்குச் சேர்ந்தது, எவரைத் தாண்டிப் போயிற்று, பிற தேசங்கள் இதே சந்தர்ப்பத்தில் என்ன செய்தன, அவற்றுக்கு நேர்ந்த அனுபவம் யாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தொழிலாளர்கள் கால்நடையாக ஊர் திரும்பிய துயரம் நெஞ்சை அறுக்கக்கூடிய தனி விஷயம். அதை இங்கே விரிக்கவில்லை. தொழிலாளியும் அல்லாமல் முதலாளி என்று சொல்லத்தக்க வளமும் இல்லாமல், இரண்டுக்கும் நடுவே தானே முதலாளியும் தானே வேலையாளுமாக நிற்கின்ற கோடிக்கணக்கான ஜனங்களைப் பற்றியதே இந்த விசாரம்.

அவர்கள் எத்தனை பேர் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 2015-16-ஆம் ஆண்டில் நடந்த 73-ஆவது தேசிய மாதிரி ஆய்வின்படி, விவசாயம் அல்லாத குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் இந்தியாவில் ஏறத்தாழ 6.34 கோடி, அவற்றில் உழைப்போர் 11.10 கோடி. வகுத்துப் பார்த்தால் ஒரு தொழிலுக்கு இரண்டு பேர்கூட இல்லை. நூற்றுக்கு 99-க்கு மேல் குறுந்தொழில்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 96 தனிமனிதர் ஒருவரின் உடைமை. தமிழ்நாட்டில் மட்டும் 49 லட்சத்துக்கு மேற்பட்டவை; உத்தரப் பிரதேசத்துக்கும் மேற்கு வங்கத்துக்கும் அடுத்த மூன்றாமிடம் நம்முடையது. ஆகையால் 'சிறுதொழில்' என்ற சொல்லைக் கேட்டவுடன், தகரக்கூரைக்குக் கீழே நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு சிறிய ஆலையை மனத்தில் வரைந்துகொள்வது பிசகு. புருஷன் கல்லில் தோசை வார்க்க மனைவி இலை போடும் சிற்றுண்டிக்கடை, ஒற்றைத் தையல் இயந்திரம், முடிதிருத்தும் நிலையம், சைக்கிளில் வைத்து விற்கும் துணிமூட்டை ஆகியவையே அந்த 6.34 கோடியின் மெய்யான உருவம்.

இவர்களுக்குக் கொள்ளைநோய் என்ன செய்கிறது? தீப்பிடித்த கடையைப்போலச் சரக்கு அழிவதில்லை. வெள்ளம் புகுந்த பட்டறையைப்போல இயந்திரம் துருப்பிடிப்பதில்லை. எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க, வரும்படி மட்டும் நின்றுபோகிறது. ஆனால் வாடகை நிற்பதில்லை. மின்சார வாரியத்துக்குக் கட்டவேண்டிய நிலைக்கட்டணம் நிற்பதில்லை. வங்கி வட்டி ஒருநாளும் தூங்குவதில்லை. தீபாவளிக்குத் தீபாவளி போனஸ் வாங்கிப் பத்து வருஷம் கூடவே இருந்த வேலையாளைச் சம்பளம் இல்லை என்று அனுப்பிவிட மனசாட்சி இடம் கொடுப்பதுமில்லை. இந்த நிலையில் ஒரு மாதம் கடந்தால் சேமிப்புக் கரையும். இரண்டாம் மாதம் மனைவியின் நகை அடகுக்கடைக்குப் போகும். மூன்றாம் மாதம், முதல் என்று எதைச் சொல்கிறோமோ அதையே வியாபாரம் தின்னத் தொடங்கிவிடும். முதலைத் தின்ற வியாபாரம், நோய் நீங்கிக் கதவைத் திறக்கும் நாளில், கொள்முதல் செய்யக் காசில்லாமல் வெறுங்கடையாக நிற்கும்.

இதில் மிகவும் முக்கியமான வேறொரு அம்சமும் உண்டு. மழையை நிறுத்தியது சர்க்கார் அல்ல. ஆனால் கடையை மூடச் சொன்னது சர்க்காரே. 2020 மார்ச் 24-ஆம் தேதி இரவு பிரதமர் அறிவித்து, மறுநாள் முதல் 21 நாட்களுக்கு என்று தொடங்கி, மே மாத இறுதிவரை நீண்ட அந்த முழு அடைப்பு, ஊர் உயிர்பிழைக்க அவசியமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவசியமானதாகவே இருக்கட்டும். ஊர் நன்மைக்காக ஒருவனுடைய நிலத்தை எடுத்துக்கொண்டால் நஷ்டஈடு கொடுக்கிற நாம், ஊர் நன்மைக்காக ஒருவனுடைய மூன்று மாத ஜீவனத்தை எடுத்துக்கொண்டால் அதற்கும் ஈடு கொடுப்பதல்லவா நியாயம்? நோய்க்காலத்தில் சிறுதொழிலுக்குத் தரும் பொருள், இரங்கிப் போடும் பிச்சையன்று; வாங்கிய பொருளுக்குக் கொடுக்கவேண்டிய கிரயம் என்பதே என் திடமான அபிப்பிராயம். இந்த நோக்கோடு பார்த்தால்தான், கொடுத்தது எவ்வளவு என்ற கேள்வியைவிட எந்த வடிவத்தில் கொடுத்தார்கள் என்ற கேள்வி ஏன் பெரிதாகிறது என்பது விளங்கும்.

முதலில் வந்த உதவி ரிசர்வ் வங்கியினுடையது. மார்ச் 27-ஆம் தேதி அது ரெப்போ வட்டியை 4.4 சதவீதத்துக்குக் குறைத்தது. மார்ச் முதல் மே வரையில் செலுத்தவேண்டிய கடன் தவணைகளை ஒத்திவைக்க வங்கிகளுக்கு அனுமதி கொடுத்தது. பின்னர் அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. ஒத்திவைத்தலைப் பலர் தள்ளுபடி என்று புரிந்துகொண்டு மகிழ்ந்தார்கள். தவணை நின்றதே தவிர வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. கட்டாத வட்டி முதலோடு சேர்ந்து வட்டிக்கு வட்டியும் ஏறிற்று. விஷயம் உச்சநீதிமன்றம் வரையில் போய், 2 கோடி ரூபாய்வரை கடன்பட்டவர்களுக்குக் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தானே ஏற்பதாக மத்திய சர்க்கார் 2020 அக்டோபரில் இணங்கியது. எவரிடமும் அந்த ஆறு மாதத்துக்கு வட்டிக்கு வட்டி வாங்கலாகாது என்று 2021 மார்ச் 23-ஆம் தேதி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, ஒத்திவைப்புக் காலத்தை மேலும் நீட்டவோ வட்டியையே தள்ளவோ மறுத்துவிட்டது. வட்டியின் மேல் ஏறிய வட்டிக்கு மட்டும் வஜா, வட்டிக்கு இல்லை. ஒருவகையில் இந்தச் சம்பவம் முழுவதுமே பிற்பாடு நடந்தவற்றுக்கு ஒரு முன்னுரைபோல அமைந்துவிட்டது.

மே 12-ஆம் தேதி 20 லட்சம் கோடி ரூபாய் என்ற பெருந்தொகையைப் பிரதமர் அறிவித்தார். மறுநாள் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் விவரித்தவற்றுள் சிறுதொழிலுக்கு உரிய பிரதான அம்சம், 3 லட்சம் கோடி ரூபாய்க்கான அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டம். அதன் ஏற்பாடு இதுதான்: 2020 பிப்ரவரி 29 அன்று ஒருவருக்கு வங்கியில் எவ்வளவு கடன் பாக்கி இருந்ததோ அதில் 20 சதவீதம் புதிதாகக் கிடைக்கும், அடமானம் கேட்கலாகாது, வங்கிகள் 9.25 சதவீதத்துக்கு மேலும், வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் 14 சதவீதத்துக்கு மேலும் வட்டி வாங்கலாகாது. நான்கு வருஷத் தவணை. முதல் வருஷம் வட்டி மட்டும் கட்டினால் போதும். கடன் திரும்பாவிட்டால் முழுத்தொகைக்கும் சர்க்காரே ஜாமீன். சர்க்கார் இதற்காக நான்கு நிதியாண்டுகளில் ஒதுக்க எண்ணிய பணம் 41,600 கோடி. 41,600 கோடியைப் பந்தயமாக வைத்து 3 லட்சம் கோடியை அசைப்பதென்பது பொக்கிஷக் கணக்கின் கண்கொண்டு பார்த்தால் சாமர்த்தியமான யோசனை என்றே ஒப்புக்கொள்ள வேண்டும். பின்னால் அந்த வரம்பு 4.5 லட்சம் கோடியாகவும் 5 லட்சம் கோடியாகவும் உயர்ந்தது. ஹோட்டல், சுற்றுலாத் தொழில்களுக்கு 20 சதவீதம் 40 ஆயிற்று. பிராணவாயு நிலையம் அமைக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் இடம் கிடைத்தது. 2023 மார்ச் 31-இல் திட்டம் முடிவதற்குள் 1.19 கோடி பேர் பயன்பெற்றார்கள்.

இத்திட்டத்தின் சிறப்பைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. பயம் பிடித்த வங்கி எந்த நாளிலும் கடன் கொடுக்காது. அந்தப் பயத்தைச் சர்க்கார் தன் தலையில் ஏற்றுக்கொண்டதால் கதவு திறந்தது. புதிய விண்ணப்பமும் புதிய ஆய்வும் இல்லாமல், இருக்கிற கணக்கைப் பார்த்தே பணம் போயிற்று. ஏறத்தாழ 13.5 லட்சம் கணக்குகள் வாராக்கடன் ஆகாமல் தப்பின என்று பாரத ஸ்டேட் வங்கியின் ஆராய்ச்சிப் பிரிவு 2022 ஜனவரியில் மதிப்பிட்டது.

ஆனாலும் ஒரு பட்டறையின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கோயம்புத்தூர் கணபதிப் பகுதியில் பம்புசெட்டுக்கு வேண்டிய உதிரிபாகங்களை ஜாப் ஆர்டராக வாங்கிக் கடைந்து கொடுக்கும் ஒரு லேத் பட்டறை. ஆறு பேர் வேலை. வங்கியில் இயந்திரக் கடனும் நடைமுறைக் கடனுமாக 20 லட்சம் ரூபாய் பாக்கி. விதிப்படி இவருக்குக் கிடைப்பது 4 லட்சம். ஆளுக்கு 15,000 என்று வைத்தால் மூன்று மாதச் சம்பளம் 2,70,000. மாதம் 20,000 வீதம் வாடகை 60,000. மின்சாரத்தின் நிலைக்கட்டணமும் பழைய கடனின் வட்டியும் மிச்சத்தை விழுங்கிவிடும். ஜூன் மாதம் கைக்கு வந்த 4 லட்சம், மார்ச் முதல் மே வரை வெட்டிய குழியை மூடுவதற்கே சரியாகப் போயிற்று. ஒரு கிலோ இரும்பு வாங்கவும் மீதமில்லை. முதல் வருஷம் மாதம் 3,083 ரூபாய் வட்டி. அதன்பின் மூன்று வருஷம் மாதம் ஏறத்தாழ 12,770 ரூபாய். ஆக, மூடிக்கிடந்த மூன்று மாதத்துக்காக அவர் திருப்பிச் செலுத்துவது ஏறத்தாழ 5 லட்சம். கடன் என்பது விளையப்போகும் பொருளுக்கு முன்பணமாக இருந்தால் அது தக்காவி. விளையவே விளையாத பொருளுக்கு, விளையக்கூடாதென்று சர்க்கார் தடுத்த பொருளுக்கு வாங்கும்போது அது நஷ்டத்தின் வேறு பெயராகிவிடுகிறது. காலத்தின் கொடுமை, அவர் அசல் கட்டத் தொடங்கவேண்டிய 2021 ஜூன் மாதத்தில் இரண்டாம் அலை வந்து தமிழ்நாடு மறுபடியும் பூட்டிக்கிடந்தது. அதை உணர்ந்து, தகுதியுடையோருக்கு அசலை இன்னொரு வருஷம் தள்ளித் தவணையை ஐந்து வருஷமாக்கியும், மேலும் 10 சதவீதம் கடன் கொடுத்தும் திட்டத்தைத் திருத்தினார்கள். கடனின் சுமைக்கு மருந்தாகக் கிடைத்ததும் கடன்தான்.

பட்டறைக்காரர் ஒருவகையில் பாக்கியசாலி. அவருக்கு வங்கிக் கணக்கு இருந்தது. இத்திட்டத்தின் ஆதாரமே பழைய கடன் ஆதலால், வங்கிக்கே போகாமல் கைமாற்றும் சீட்டுப்பணமும் கொண்டு கௌரவமாக நடத்திவந்தவருக்கு அதில் ஒரு காசும் கிடையாது. கடனே வாங்காத குற்றத்துக்காக ஒருவன் கடன் நிவாரணத்திலிருந்து விலக்கப்படுவது விநோதமாகத் தோன்றலாம். ஆனால் விதி அப்படித்தான் இருந்தது. மறுபுறம், நோய் வருமுன்பே 60 நாட்களுக்கு மேல் தவணை தவறியிருந்தவர்களுக்கும் இடமில்லை. அத்தகைய நலிந்தோருக்கென்று 20,000 கோடிக்குத் தனித் திட்டம் ஒன்று இருந்தது. அதனால் பயன்பெற்றோர் மிகச் சொற்பம். கடனே இல்லாதவனும் கடனில் மூழ்கியவனும் வெளியே நிற்க, நடுவில் இருந்தவனுக்கு மட்டும் கதவு திறந்தது.

வெளியே நின்றவர்களில் தெருவோர வியாபாரிகளை மட்டும் சர்க்கார் தனியாக நினைத்துக்கொண்டது. அதற்காக அதைப் பாராட்ட வேண்டும். 2020 ஜூன் மாதம் தொடங்கிய பி.எம். ஸ்வநிதித் திட்டத்தில் முதல் கடன் 10,000 ரூபாய். ஒரு வருஷத்தில் ஒழுங்காகத் திருப்பினால் அடுத்து 20,000, அதற்கு அடுத்து 50,000. வட்டியில் 7 சதவீதத்தைச் சர்க்கார் ஏற்கும். 2014-ஆம் ஆண்டின் தெருவியாபாரிகள் சட்டப்படி நகராட்சி கொடுக்கவேண்டிய அடையாளச் சான்று பெரும்பாலோரிடம் இல்லை என்பதை அறிந்து, சிபாரிசுக் கடிதம் இருந்தாலே போதும் என்று வழி செய்ததும் விவேகமான காரியம்.

இந்தப் பத்தாயிரத்தைச் சிறிய தொகை என்று நகைத்தவர்கள், நம் ஊர்க் காய்கறிக் கடைக்காரியின் கடன் இலக்கணத்தை அறியாதவர்கள். தண்டல்காரரிடம் அவள் 10,000 என்று எழுதிக் கையில் வாங்குவது 9,000. நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்டுகிறாள். நாளுக்கு நாள் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால், அது வருஷத்துக்கு ஏறத்தாழ 80 சதவீத வட்டி. மீட்டர் வட்டி, ரன் வட்டி என்ற பெயர்களுக்கோ கணக்கே கிடையாது. 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அவற்றுக்கு எதிராகத் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. இத்தகைய வலைக்குள் இருப்பவளுக்கு வங்கியின் பத்தாயிரம் வந்து சேர்ந்தால், அது மூன்று மாத நஷ்டத்தை ஈடு செய்யாவிட்டாலும் தினந்தோறும் சாயங்காலம் வந்து நிற்கும் அந்த ஆளிடமிருந்து அவளுக்கு விடுதலை தரக்கூடும். நோய்க்கால நிவாரணமாகப் பிறந்த திட்டங்களுள் நோய் நீங்கியபின்னும் உயிரோடு இருப்பவற்றுள் இது ஒன்று. 2025 ஜூலை மாதம் வரையில் 68 லட்சம் வியாபாரிகளுக்கு 96 லட்சம் கடன்களாக 13,797 கோடி ரூபாய் சென்றிருக்கிறது. முதல் கடனை 15,000 ஆக உயர்த்தி 2030 மார்ச் வரைக்கும் நீட்டித்திருக்கிறார்கள். நிவாரணம் என்ற அளவில் இது குறையுடையதே. ஆனால் கடன் ஏற்பாடு என்ற அளவில் நல்ல ஏற்பாடு.

இனிப் பிற தேசங்களைப் பார்க்கலாம். ஜெர்மனியில் குர்ட்ஸார்பைட் என்ற பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. வேலை குறைந்த காலத்தில் முதலாளி ஆளைக் கழிப்பதற்குப் பதிலாக வேலை நேரத்தைக் குறைத்தால், இழந்த நிகரச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, குழந்தை உடையவருக்கு 67 சதவீதத்தை, சர்க்கார் கொடுக்கும். 2020 ஏப்ரலில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் இதில் அடங்கியிருந்தார்கள். ஐந்து பேர்வரை வேலைக்கு வைத்திருந்த தொழிலுக்கு 9,000 யூரோவும் பத்துப் பேர்வரையில் 15,000 யூரோவும் மானியமாகக் கொடுத்தார்கள். பின்னர் நஷ்டத்தைக் கணக்கிட்டுப் பலரிடம் திருப்பிக் கேட்டதால் வழக்குகள் எழுந்தன. கொடுக்கும்போது மானியம் என்றும் பிறகு பாக்கி என்றும் சொல்வது எந்த நாட்டுச் சர்க்காருக்கும் அழகல்ல.

பிரிட்டன், வீட்டில் இருத்திய தொழிலாளியின் சம்பளத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுன் என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு, 2021 செப்டம்பர்வரை தாங்கிற்று. அங்கே சிறுகடைகளுக்கு 10,000 பவுன் மானியம் கொடுத்த முறையில் நமக்கு ஒரு பாடம் உண்டு. யார் சிறு வியாபாரி என்று அவர்கள் புதிதாகத் தேடவில்லை. கடை கட்டடத்துக்கு ஸ்தல ஸ்தாபனம் விதிக்கும் வரியில் ஏற்கெனவே சிறுதொழில் சலுகை பெற்றவர்களின் பதிவேட்டை எடுத்துக்கொண்டார்கள். அதே பிரிட்டன், 2020 மே மாதத்தில் 50,000 பவுன்வரை முழு உத்தரவாதத்தோடு கொடுத்த அவசரக் கடனில் இந்த எச்சரிக்கையை மறந்துவிட்டது. விண்ணப்பதாரர் தம்மைப் பற்றித் தாமே சொன்னதை நம்பி 15 லட்சத்துக்கு மேற்பட்ட கடன்களாக ஏறத்தாழ 4,700 கோடி பவுன் போயிற்று. அதில் சுமார் 490 கோடி மோசடியில் சென்றிருக்கலாம் என்று ஒரு கட்டத்தில் மதிப்பிட்டார்கள். மோசடியைக் கையாண்ட விதம் பொறுக்காமல் ஆக்னியூ பிரபு 2022 ஜனவரியில் மேல்சபையிலேயே தம் மந்திரி பதவியைத் துறந்தார்.

அமெரிக்கா செய்தது இரண்டையும் விசித்திரமாக முடிச்சுப் போட்ட ஒன்று. 2020 மார்ச் 27-இல் சட்டமான ஏற்பாட்டின்படி, 500 பேருக்கு உட்பட்ட தொழில்கள் தங்கள் மாதச் சம்பளச் செலவில் இரண்டரை மடங்கைக் கடனாகப் பெறலாம். அதில் பெரும்பகுதியைச் சம்பளத்துக்கே செலவிட்டதாகக் காட்டினால் கடன் தள்ளுபடி. தக்காவியாகக் கொடுத்து வஜாவாக மாற்றுவது என்று நாம் இதை விளங்கிக்கொள்ளலாம். கருத்து மிக நேர்த்தியானது. ஆனால் பணத்தை விநியோகித்தவை வங்கிகள்; வங்கி தனக்குப் பழக்கமானவரை முதலில் உட்காரவைக்கும். 34,900 கோடி டாலர் பதின்மூன்றே நாட்களில் தீர்ந்துபோய்விட்டது. பெரிய உணவகச் சங்கிலிகள் வரிசையில் முன்னால் நின்றன. ஷேக் ஷாக் என்ற நிறுவனம் தான் பெற்ற 1 கோடி டாலரை நாட்டார் கோபத்துக்கு நடுவே திருப்பிக் கொடுத்தது. மேலும் பணம் சேர்த்து, 2021 பிப்ரவரியில் இருபது பேருக்குக் குறைந்த தொழில்களுக்கென்றே இரண்டு வாரம் ஒதுக்கிப் பிழையைத் திருத்த முயன்றார்கள். முடிவில் 1.18 கோடி கடன்களாக ஏறத்தாழ 80,000 கோடி டாலர் செலவாயிற்று. பொருளாதார அறிஞர் டேவிட் ஆட்டரும் அவருடைய சகாக்களும் 2022-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, அந்தப் பணத்தில் நூற்றுக்கு 23 முதல் 34 வரையிலான பங்கே, இல்லாவிட்டால் வேலை இழந்திருக்கக்கூடியவர்களைச் சேர்ந்தது என்று காட்டிற்று; மிச்சம் உடைமையாளர்களுக்கும் பங்குதாரர்களுக்கும் போயிற்று. 6,400 கோடி டாலர் மோசடிக்கு இரையாகியிருக்கலாம் என்று சிறுதொழில் நிர்வாகத்தின் தணிக்கையாளர் 2023-இல் மதிப்பிட்டார்.

இந்த மூன்று தேசங்களையும் நம் தேசத்தோடு வைத்துப் பார்த்தால், அவர்கள் தாராளர்கள், நாம் கருமிகள் என்று சொல்லிவிடத் தோன்றும். அது பாதி உண்மையே. 2020 ஏப்ரல் முதல் ஜூன்வரையில் நம் நாட்டு உற்பத்தி 23.9 சதவீதம் வீழ்ந்ததாக முதற்கணக்குக் காட்டியது, வரி வருமானம் சுருங்கிற்று, 3.5 சதவீதமாகத் திட்டமிட்ட நிதிப்பற்றாக்குறை 9 சதவீதத்தைத் தாண்டிற்று. அந்த நெருக்கடியில், உடனே கையிலிருந்து போகாத உத்தரவாதத்தை ஒரு நிதியமைச்சர் தேர்ந்துகொண்டது அதிசயமல்ல. பணமுடையைக் காட்டிலும் ஆழமான காரணம் வேறொன்று உண்டு. சர்க்காருக்கு இந்தத் தொழில்களின் முகம் தெரியவில்லை. ஜெர்மனியில் ஒவ்வொரு சம்பளத்துக்கும் கணக்கு உண்டு. பிரிட்டனில் ஒவ்வொரு கடைக்கும் வரிப் பதிவு உண்டு. நம்மிடம் இருந்தது வங்கியின் கடன்பேரேடு; ஆகவே வங்கி அறிந்தவனே சர்க்காரும் அறிந்தவன் ஆனான். நூறு பேர்வரை வேலைக்கு வைத்து, அவர்களில் 90 சதவீதத்தினர் 15,000 ரூபாய்க்குக் குறைவாகச் சம்பளம் பெறும் நிறுவனங்களுக்கு, வைப்புநிதிச் சந்தா 24 சதவீதத்தையும் ஆறு மாதம் சர்க்காரே கட்டியது. மெய்யான வஜா என்று சொல்லத்தக்க ஓர் உதவி அது ஒன்றே. ஆனால் மேலே கண்ட லேத் பட்டறைக்கு வைப்புநிதிக் கணக்கே கிடையாது. இருபது பேருக்குக் குறைந்தால் பொதுவாக அந்தச் சட்டம் கட்டாயமில்லை.

முகம் தெரியாததன் விளைவை மரணக் கணக்கில் இன்னும் தெளிவாகக் காணலாம். சிறுதொழில் வளர்ச்சி வங்கி 1,029 தொழில்களை விசாரித்து 2022 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 67 தொழில்கள் 2020-21-இல் மூன்று மாதம்வரை மூடிக்கிடந்தன என்றும், பாதிக்கு மேற்பட்டவற்றின் விற்பனை கால்பங்குக்கு மேல் விழுந்தது என்றும் தெரிந்தது. இவை பிழைத்திருந்து பதில் சொன்ன தொழில்கள். திறக்காமலே போனவை எத்தனை? சிறுதொழில்களுக்கென்று 2020 ஜூலையில் தொடங்கிய உத்யம் பதிவேட்டில் பெயர் ஏறியவன்தான் பெயர் நீங்கவும் முடியும். பதிவேட்டில் ஏறாத கோடிக்கணக்கானவர்களில், கடைப்பலகையைக் கழற்றிவைத்துவிட்டு வாட்ச்மேன் வேலைக்கும் வீடுவீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் வேலைக்கும் போனவர்களுக்கு எந்த ரிஜிஸ்டரிலும் மரணப்பதிவு கிடையாது. இந்தக் குறையை உணர்ந்துதான் 2023 ஜனவரியில் குறுந்தொழில்களுக்கென்று உதவிப் பதிவுத் தளம் ஒன்றைத் தொடங்கினார்கள். நல்ல முயற்சி; நோய் வந்து மூன்று வருஷம் கழித்து வந்த முயற்சி.

என் மனத்தில் நெடுநாளாக இருக்கும் ஒரு யோசனையை இங்கே சொல்லிவைக்கிறேன். பிரிட்டன் கட்டட வரிப் பதிவேட்டைப் பயன்படுத்தியதுபோல், நமக்கு மின்சார வாரியத்தின் பதிவேடு இருக்கிறது. தமிழ்நாட்டில் கூரைக்கடை முதல் விசைத்தறிக்கூடம்வரை மின் இணைப்பு இல்லாத தொழில் அபூர்வம். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. வர்த்தகம், தொழில் என்ற வகை உண்டு. மூடியதா நடந்ததா என்பதற்கு மீட்டரைவிட நேர்மையான சாட்சி வேறில்லை. நோய்க்காலத்தில் கடையை மூடு என்று உத்தரவிடும் அன்றே, இவ்வளவு யூனிட்டுக்குக் குறைவான வர்த்தக இணைப்புகளுக்கு நிலைக்கட்டணம் தள்ளுபடி என்றும், சென்ற வருஷத்துச் சராசரி உபயோகத்துக்கு ஏற்ப இவ்வளவு ரூபாய் மானியம் என்றும் உத்தரவு போடுவது அசாத்தியமான காரியமா? ஒரே கட்டடத்தில் பல இணைப்பு வைத்து ஏமாற்றுவோர் உண்டு. வாடகைக்காரனுக்கு வரவேண்டியதை வீட்டுக்காரன் அமுக்கவும் கூடும். தள்ளுவண்டிக்காரன் இதிலும் விடுபடுவான். ஆனால் 20 கோடிப் பெண்களின் ஜன்தன் கணக்குக்கு மூன்று மாதம் ஐந்நூறு ரூபாய் வீதம் சில வாரங்களுக்குள் அனுப்பிக் காட்டிய சர்க்காருக்கு, இந்த இடையூறுகள் தாண்டமுடியாத மலைகள் அல்ல.

வேறொரு உதவி இருக்கிறது. அது சர்க்காருக்கு ஒரு காசும் செலவில்லாதது. பெரிய கம்பெனி சிறிய பட்டறைக்குக் கொடுக்கவேண்டிய பாக்கியை 45 நாளைக்குள் கொடுக்கவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தில் மூன்று மடங்கு கூட்டு வட்டி. அடைப்புக் காலத்தில் பெரியவர்கள் தங்கள் ரொக்கத்தைக் காப்பாற்றச் செய்த முதல் காரியம், சிறியவர்களுக்குக் கொடுக்கவேண்டியதை நிறுத்தியதுதான். மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் 45 நாளைக்குள் பாக்கி தீர்க்கும் என்று 2020 மே மாதத்தில் வாக்களித்தார்கள். புகார் செய்யச் சபையும் இணையதளமும் உண்டு. ஆனால் அடுத்த ஆர்டரை நம்பியிருப்பவன் இன்றைய பாக்கிக்காகப் புகார் செய்வானா? ஆகவேதான், உரிய காலத்தில் கொடுக்காத பாக்கியை வருமானவரியில் செலவாகக் கழிக்கக்கூடாது என்று பின்னர் கொண்டுவந்த திருத்தம் எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுகிறது; அது புகார் செய்யும் சுமையைப் பலவீனனின் தோளிலிருந்து இறக்கிவைக்கிறது. 2020 மார்ச்சில் இது நடைமுறையில் இருந்திருந்தால், பல பட்டறைகளுக்குக் கடனே வேண்டியிருந்திராது. தங்கள் சொந்தப் பணமே போதுமாயிருந்திருக்கும்.

1918-ஆம் ஆண்டின் விஷஜுரத்தில் இந்நாட்டில் 1 கோடிக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கடைக்காரனுக்கு உதவுவது தன் கடமை என்ற எண்ணமே அன்றைய சர்க்காருக்கு உதிக்கவில்லை. தொழிலுக்குச் சர்க்கார் கடன் கொடுக்க வழிசெய்யும் சட்டம் சென்னை ராஜதானியில் 1922-இல்தான் வந்தது. தொழில்களுக்கென்றே கடன் கொடுக்கும் ஸ்தாபனமாகத் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம் 1949-இல் பிறந்தது. அந்த நிலையிலிருந்து, கோடிக்கணக்கானோருக்குச் சில வாரங்களில் ஜாமீன் நிற்கும் நிலைக்கு வந்திருக்கிறோம். தக்காவியை நாம் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டோம். தொழிலுக்கு வஜா என்பதை இன்னும் கற்கவில்லை.

கணபதியின் அந்த லேத் பட்டறைக்கு மறுபடியும் போவோம். 2020 ஜூனில் வாங்கிய 4 லட்சத்துக்கு நான்கு வருஷத் தவணையானால் 2024 ஜூன் மாதத்திலும், இரண்டாம் அலையில் நீட்டிப்புப் பெற்றிருந்தால் 2025 ஜூன் மாதத்திலும் கடைசித் தவணை கட்டியிருப்பார். அதற்குள் நோய் ஓய்ந்து, முகக்கவசம் மறைந்து, ஊர் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. கடையாத இரும்புக்கும் ஓடாத லேத்துக்கும் மாதந்தோறும் பத்தாம் தேதி அவர் கணக்கிலிருந்து பணம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.